கல்யாண வீடுமில்லை, செத்த வீடுமில்லை

1

போன சித்திரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் சனம் கூடியது. பட்டுச் சேலையும் வேட்டியுமாக வந்தார்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது. ஊரிலிருக்கும் என் அக்கா அன்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, துளசிக்கு எழுத்து முடிஞ்சுதோ? எங்களுக்குச் சொல்லவேயில்லை" என்று கோபித்துக்கொண்டாள். துளசி என் மகள். அவளுக்குப் பதிவெழுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை. வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லி விளங்கப்படுத்த ஏலாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியலின் மேற்கில், இல்-பிசார் என்ற சின்னத் தீவில். தனித்தனி வீடுகள், நிறைய மரங்கள், எப்போதாவது வரும் பஸ். நகரத்துக்குப் போக ஒரே ஒரு பாலம். கோடையில் மட்டும் வாகனங்களை ஏற்றி அக்கரையிலுள்ள லாவாலுக்குக் கொண்டுபோகும் மிதவை ஒன்று ஓடும். நான் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்தவள். அங்கேயும் ஒரே பாலம். அங்கேயும் ஊர்காவற்றுறைக்குப் போக ஒரு மிதவை. நாங்கள் அதைப் 'பாதை' என்போம். இங்கே வீடு பார்க்க வந்த அன்று அந்த மிதவையைக் கண்டதும், "இஞ்சாருங்கோ, பாதை!" என்று கத்திவிட்டேன். வீட்டின் கூரை ஒழுகுமா, நிலவறை ஈரமா என்று ஒன்றும் பார்க்கவில்லை. வாங்குங்கோ வாங்குங்கோ என்று இவரை நச்சரித்து வாங்க வைத்தேன். இவர், என் மனுசன், தீவுக்கு வெளியே சுன்னாகத்துக்காரர். "தீவாளைக் கட்டினதுக்கு என்னையும் தீவானாக்கிப்போட்டாள்" என்று இன்றுவரை எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

கீழே நிலவறையில் குகனும் வசந்தியும் வாடகைக்கு இருக்கிறார்கள். குகன் இரவில் பேக்கரியில் பாண் போடுகிறவன். எங்களுடைய ரொட்டியை மட்டும் கல்லுப் போலச் சுடுவான். அது வேறு கதை. அவர்களுக்கு யாழினி என்று நாலு வயதுப் பிள்ளை. இங்கேயே பிறந்தது. காலையில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய்ப் பின்னேரம் பிரெஞ்சோடு திரும்பி வரும். "வசந்தி, உன்ரை பிள்ளைக்கு நான் 'மதாம்' ஆகிப்போனன், அம்மம்மா எண்டு கூப்பிடப் பழக்கு" என்று சண்டை பிடிப்பேன். தமிழ் தடுமாறுகிற தன்னை நான் பழக்கின இலட்சணத்துக்கு இந்தச் சண்டை தேவையா என்று துளசி சிரிப்பாள்.

குகனின் அகதி வழக்கு தோற்றுப் பல காலம். மேன்முறையீடும் தோற்றது. வசந்தி பிறகு வந்தவள். அவளுடைய வழக்கு தனி, இன்னும் விசாரணைக்கே எடுபடவில்லை. நேரில் வரச்சொல்லி எல்லை அதிகாரிகள் குகனுக்கு அனுப்பிய கடிதம், அவர்கள் முன்பு இருந்த கோட்-டி-நேஜ் வீட்டுக்குப் போய்விட்டது. அவன் போகவில்லை. போகாதவனைப் பிடிக்க ஆணை பிறந்தது. இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. பனி கரைந்து முற்றமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில் கதவு தட்டும்வரை தெரியாது.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மரியாதையாகத்தான் பேசினார்கள். குகன் அன்று வேலை முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. என் பிரெஞ்சு பழப்பெட்டிகள் அடுக்கிய காலத்தில் கற்றது, 'இல்லை', 'தெரியாது' என்ற இரண்டிலும் நல்ல தேர்ச்சி. இரண்டையும் சொன்னேன். திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

2

சட்டத்தரணி சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நாடு கடத்துவதை நிறுத்திவைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டாயிற்று. நீதிபதியின் பதில் வரச் சில கிழமைகள் ஆகலாம். அதற்குள் குகனைப் பிடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவாலில் உள்ள தடுப்பு நிலையத்தில் வைத்து, அங்கிருந்தே விமானத்தில் ஏற்றிவிடக் கூடும். பிறகு நீதிபதி என்ன பதில் சொன்னாலும் கேட்க அவன் இங்கே இருக்கமாட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை தானே குகனைக் கூட்டிக்கொண்டுபோய் எல்லை அதிகாரிகளின் அலுவலகத்தில் முன்னிறுத்துவதாகச் சட்டத்தரணி அவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தார். பதில் வரவில்லை. தானாக வருகிறவனை வீட்டுக்கு அனுப்பும் சாத்தியம் உண்டு, தேடிப் பிடித்தவனை அனுப்பமாட்டார்கள் என்றார். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தச் செவ்வாய்வரை உள்ள காலைகள் மட்டும்.

பக்கத்து வீட்டு மதாம் ஜினெட்தான் வழி சொன்னாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் வேலிக்கு மேலால் தக்காளி தருவாள், நான் கறிவேப்பிலை கொடுப்பேன், அது அவளுக்கு எதற்கென்று இன்றும் தெரியாது. "உங்கள் முற்றத்தில் நாங்கள் காலையில் வந்து நிற்போம். யாரையும் தொடமாட்டோம், வழியை மறிக்கமாட்டோம், சத்தம் போடமாட்டோம். நிற்போம், அவ்வளவுதான். அவர்கள் வந்தால் சட்டத்தரணியோடு பேசச் சொல்லிக் கேட்போம்" என்றாள். சட்டத்தரணியும் அது சரி என்றார்.

துளசி உடனே வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். இந்தத் தீவிலும் கர்க்லாண்ட் பக்கத்திலும் எங்களுக்குத் தெரிந்த எல்லோரையும் சேர்த்தாள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதினாள். தமிழில் என்னை எழுதச் சொன்னாள். நானும் எழுதினேன். தமிழ்ச் சனம் முழுக்கப் பதில் போட்டது. கும்பிட்ட கை, கும்பிட்ட கை, ஒரு விளக்கு, ஒரு பிள்ளையார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. விடியவே எழும்பி ஒரு சட்டி நிறைய வடை சுட்டேன்.

முதல் நாள் காலை ஜினெட் மடக்குக் கதிரையோடும் நாயோடும் வந்தாள். மூலை வீட்டு ஹெயிட்டிக் குடும்பம் வந்தது. ஜினெட்டின் இரண்டு சிநேகிதிகள் வந்தார்கள். தமிழர் ஒருவரும் இல்லை. ஆறின வடையை ஜினெட்டின் நாய்க்குக்கூடப் போட்டேன். குகன் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினான். அதிகாரிகள் அன்று வரவில்லை. எங்கள் சனத்தை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கத் தெரியும், இதற்கு மட்டும் கும்பிட்ட கையோ?

3

அன்று பின்னேரம் தமிழ்க் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் பரமேசு அண்ணையைக் கண்டேன். நாங்கள் கதைபேச்சு இல்லாமல் இருந்து நாலைந்து வருடம். அவருடைய மகனின் கல்யாணத்துக்கு எங்களுக்குப் போனில் மட்டும் சொன்னார். தபாலில் கார்டும் வந்தது. வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. நாங்கள் போகவில்லை. இதை வாசிக்கிற வெள்ளைக்காரன் யாராவது இருந்தால் சிரிப்பான். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

அன்று எனக்கு இருந்த எரிச்சலில் நானே கதையைத் தொடங்கினேன்.

"என்ன பரமேசண்ணை, மெசேஜ் கிடைச்சதெல்லோ? வராமல் விட்டிட்டியள்."

அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "ரதி, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. இது நல்ல விசயமோ, கெட்ட விசயமோ?"

"உதென்ன கேள்வி?"

"நல்ல விசயமெண்டால் நீங்கள் வந்து சொல்லவேணும். கெட்ட விசயமெண்டால் நாங்கள் சொல்லாமல் வரவேணும். நீ வந்து சொல்லேல்லை. சொல்லாமல் வந்து உன்ரை முத்தத்திலை நிண்டால் அது என்ன வீடு? செத்த வீடு எல்லோ? அந்தப் பொடியன் இன்னும் போகேல்லையே. அவன் யன்னலாலை பாக்கேக்கை, நாங்கள் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி வந்து நிக்கிறதோ?"

வராமல் விட்டதற்குச் சாட்டு என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம், போனில் சொன்னதற்காக ஒரு கல்யாணத்துக்கே போகாமல் விட்டவள் நீதானே என்றது.

ஊரில் கல்யாணத்துக்குச் சொல்லப் போவதென்றால் அது ஒரு தனிக் கலை. எங்களுக்கு அது கல்யாணத்தைவிடப் பெரிய கொண்டாட்டம். அம்மா நல்ல சேலை உடுத்திக் குங்குமச் சிமிழை எடுப்பா. ஐயா சால்வையைப் போடுவார். நாங்கள் பிள்ளைகள் வெயிலில் பின்னால் இழுபடுவோம். சொந்தத்தில் மூத்த வீட்டுக்கு முதலில் சொல்லவேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்தப் பெயர் வராது, சில நேரம் அந்த வீடே வராது. எந்த வீட்டிலும் எதையாவது வாய் நனைக்காமல் வரக்கூடாது. கடைசி வீட்டுக்குப் போகும்போது ஐயாவின் வயிற்றில் தேநீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதென்று என் அண்ணை பகிடி பண்ணுவான். கோபமாக இருக்கிற வீட்டுக்குக் கட்டாயம் போகவேண்டும். போய்ச் சொல்லிவிட்டால் அவர்களால் வராமல் இருக்க முடியாது. எத்தனையோ சண்டைகள் அந்தக் குங்குமச் சிமிழோடு முடிந்ததைக் கண்டிருக்கிறேன். கோட்-டி-நேஜில் நாங்கள் வந்திறங்கிய காலத்திலும், ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிச் சொல்லியிருக்கிறோம். எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. வீடுகள் தூரமாகின, பஸ் குறைந்தது, போன் சுகமாக இருந்தது. அந்த நடையும் அந்தத் தேநீரும் கடைக்குள் நின்ற என்னை அப்படி வந்து பிடித்தன. எனக்கு அழுகை வந்தது. முருங்கைக்காய் விலைக்குத்தான் அழுகிறேன் என்று கடைக்காரன் நினைத்திருப்பான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வெளிக்கிடுங்கோ. சொல்லப் போறம்."

துளசி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அம்மா, இட்ஸ் நாட் எ வெடிங். குழுவிலை திரும்பவும் ஒருக்கால் போடுறன்."

"நீ போடு பிள்ளை. அது உன்ரை ஆக்களுக்கு. என்ரை ஆக்களுக்கு நான் போறன்."

4

முதல் வீட்டு வாசலில்தான் சிக்கல் விளங்கியது. கல்யாணத்துக்கு என்றால் சொல்லும் வசனம் எல்லோருக்கும் பாடம். இதற்கு என்ன சொல்வது? நான் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... வாற செவ்வாய்வரைக்கும், ஒவ்வொரு நாளும் காலமை, எங்கட வீட்டு முத்தத்திலை வந்து நிண்டு தேத்தண்ணி குடிக்கவேணும். குடும்பத்தோடை. கட்டாயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். "உள்ளுக்கு வாங்கோ, ஏதாலும் குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் இவர் அதே வசனத்தைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல நன்றாகவே சொன்னார். "எங்கட கலியாணத்துக்குக்கூட நான் இப்பிடித் திரியேல்லையடி" என்று காருக்குள் ஏறும்போது முனகினார். இரண்டாம் நாள் தேநீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்.

எல்லாக் கதவும் குங்குமத்துக்குத் திறக்கவில்லை. ஒரு வீட்டில், "எங்களுக்கு ஏன் வில்லங்கம், எங்கட பிள்ளையள் அரசாங்க வேலை" என்றார்கள். வற்புறுத்தவில்லை. சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

எதிர்வீட்டில் கார்த்திக் என்ற சென்னைப் பையன் இருக்கிறான். கணினி நிறுவனத்தில் வேலை. குங்குமத்தைக் கண்டு எழுந்து நின்றான். விசயத்தைக் கேட்டதும் முகம் வாடியது.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. நிரந்தரமா இங்க இருக்க என் பி.ஆர். இன்னும் வரல. அங்க வந்து நின்னா எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. உண்மையைச் சொல்றேன்."

"உண்மையைச் சொன்னதே பெரிய காரியம், தம்பி. நீங்கள் நிக்கவேண்டாம். காலமையிலை வசந்தியையும் பிள்ளையையும் காரிலை கார்டெரிக்குக் கொண்டுபோய் விடுவியளோ? அந்தப் பிள்ளை உதொண்டையும் பாக்கவேண்டாம்."

"அது கண்டிப்பா பண்றேன் ஆன்ட்டி."

கடைசியாகப் பரமேசு அண்ணை வீடு. மனைவி கமலா அக்கா கதவைத் திறந்தா. நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். பரமேசண்ணை, கமலாக்கா, மகன், நாங்கள் போகாத கல்யாணத்தில் வந்த மருமகள், எல்லோரும். கமலா அக்கா குங்குமத்தை எடுத்துவிட்டு என் கையை விடவில்லை. "உவர் அண்டைக்கு உங்கட வீட்டை வந்து சொல்லியிருக்கலாம். நான் அப்பவே சொன்னனான்" என்றா. பரமேசு அண்ணை உள்ளேயிருந்து, "தேத்தண்ணியைப் போடன் முதல்" என்று சத்தம் போட்டார்.

5

மறுநாள் காலை யன்னலைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முறையாகச் சொன்னால் முறையாகத்தானே வருவார்கள்! கமலா அக்கா காஞ்சிபுரம் சேலை உடுத்து அதன் மேல் குளிர்கோட்டுப் போட்டுச் சப்பாத்தோடு சேற்றில் நிற்கிறா. பரமேசு அண்ணை வேட்டி, சால்வை, அதற்குக் கீழே பனிச் சப்பாத்து. பெண்கள் பூ வைத்திருந்தார்கள். ஒருவர் வெறுங்கையோடு வரக்கூடாதென்று வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்திருந்தார். ஜினெட் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

குகன் கீழே படிக்கட்டில் உடுப்பு மாற்றி, ஒரு பையோடு இருந்தான். முதல் தட்டுக் கேட்ட நாளிலிருந்து அவன் வேலைக்கும் போகவில்லை, ஒழுங்காக நித்திரை கொள்ளவும் இல்லை. "அக்கா, இத்தினை பேரோ?" என்றான்.

அடுத்தடுத்த நாட்களும் வந்தார்கள். திங்கட்கிழமை காலை எல்லை அதிகாரிகளின் கார் வந்து நின்றது. அதே இருவர். இறங்கியதும் சேலைகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள். ஒருவரும் மறிக்கவில்லை, ஒருவரும் கத்தவில்லை. கதவுவரைக்கும் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வழி விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அந்தப் பெண் அதிகாரி, இங்கே என்ன நடக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பரமேசு அண்ணை ஒரு கோப்பையை நீட்டினார். "போன்ஜூர், மதாம். தே?"

அவள் மறுத்தாள், ஆனால் மெர்சி என்று நன்றி சொல்லி மறுத்தாள். துளசி முன்னால் போனாள். குகன் வீட்டுக்குள்தான் இருக்கிறார், ஓடவில்லை, நாளைக்குச் சட்டத்தரணியோடு தானாகவே அலுவலகத்துக்கு வருவார், தயவுசெய்து சட்டத்தரணியோடு ஒரு தடவை பேசுங்கள் என்று நிதானமாகச் சொன்னாள். தமிழில் ஒரு வசனம் முழுதாகச் சொல்லத் தடுமாறுகிற என் பிள்ளை, அந்த மொழியில் அப்படிப் பேசினாள். இத்தனை காலம் அந்தப் பிரெஞ்சு என் பிள்ளையை என்னிடமிருந்து கொண்டுபோய்விட்டது என்று எரிந்திருக்கிறேன். அன்று எரியவில்லை.

அதிகாரி காருக்குப் போய்த் தொலைபேசி எடுத்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனது. எதிர்வீட்டுக் கார்த்திக் கார்டெரியிலிருந்து திரும்பி வந்து தன் வாசலில் நின்றான். அது அவனுடைய வாசல், யார் என்ன கேட்பது?

அந்த நேரத்தில்தான் எனக்கு என் கூடப்பிறந்த அண்ணையின் நினைவு வந்தது. ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் சொந்தக்காரர். வேலி ஓலைகளுக்குப் பின்னால் கண்கள் இருந்தன. படலை ஒன்றும் திறக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். துவக்குக்கு முன்னால் யார் வருவது? கல்யாணத்துக்குச் சொன்னால் வரவும், சாவுக்குச் சொல்லாமல் வரவும் எங்களைப் பழக்கினார்கள். ஒருவனைக் கொண்டுபோகும்போது எப்படி வருவதென்று எங்களை யாரும் பழக்கவில்லை. இங்கே துவக்கு நீட்டவில்லை, ஆளைக் காணாமலாக்குவதும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் பொய். ஆனால் கால் நடுங்கும்போது எந்த நாடு என்று பார்த்தா நடுங்குகிறது? கமலா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அதிகாரி திரும்பி வந்தாள். நாளைக் காலை, அலுவலகத்தில், சட்டத்தரணியோடு. வராவிட்டால் அடுத்த முறை பேச்சில்லை. துளசி 'உய்', சரி, என்றாள். கார் பாலத்துப் பக்கம் திரும்பிப் போனது.

ஒருவரும் கைதட்டவில்லை. இவர்தான், "வடை ஆறுது, எடுங்கோ" என்றார்.

6

செவ்வாய்க்கிழமை கார் காராக நகரத்துக்குப் போனோம். உள்ளே குகனும் சட்டத்தரணியும் மட்டும் போனார்கள். நாங்கள் வெளியே நடைபாதையில் நின்றோம். மத்தியானம் தாண்டிக் குகன் வெளியே வந்தான். குறித்த நாட்களில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். நீதிபதியின் பதில் வரும்வரை வீட்டில் இருக்கலாம். வசந்தி அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவனைக் கண்டதும் நடைபாதையிலேயே இருந்து அழுதாள்.

பதில் இதை எழுதும்வரை வரவில்லை. எப்படி வரும் என்றும் தெரியாது. பயம் போகவில்லை, முன்பு அது எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது, இப்போது பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது.

அன்று இரவு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. சேலைப் படத்தின் கதை முழுவதையும் சொன்னேன். அவள் இன்னும் அதே ஒழுங்கையில், அதே வளவில் இருக்கிறாள்.

"வந்த சனத்துக்கு என்ன குடுத்தனீ?"

"தேத்தண்ணியும் வடையும்."

"காணாது. அடுத்த முறை புட்டும் அவி." பிறகு கேட்டாள்: "அந்தப் பொடியன் இப்ப எங்கை?"

"கீழை. வந்த உடனை படுத்தவன். நல்ல நித்திரை."

அவள் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணையை நித்திரைப் பாயிலை எல்லோ எழுப்பிக் கொண்டுபோனவங்கள்" என்றாள். "அவன் நித்திரை கொள்ளட்டும். ஆரையும் எழுப்ப விடாதை."

கீழே யாழினி ஏதோ பாடிக்கொண்டு ஓடித் திரிந்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கீழே இறங்கிப்போய், அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன்.